இலைக் கஷாயமும் கொள்ளைநோயும்: வாசகர் கேள்வி பதில்

கொரோனா காலத்தில் பழங்குடிப் பெண்களின் மூலிகை அறிவு என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சொல்லியிருந்தோம். வந்து குவிந்ததில் ஒரு பாதி "அந்த இலை எங்கே கிடைக்கும்?" ரகம், இன்னொரு பாதி "இதையெல்லாம் போய் எழுதுகிறீர்களே, வெட்கமாக இல்லையா?" ரகம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிச் சுருக்கியிருக்கிறேன். பெயர், ஊர் போடவில்லை.

கேள்வி: அமேசான் காட்டுப் பெண்கள் ஒரே ஒரு இலையைக் காய்ச்சிக் கொடுத்து ஊர் ஊராகக் கொரோனாவைக் குணப்படுத்தினார்கள் என்று ஒரு தகவல் வாட்ஸாப்பில் சுற்றுகிறதே, எவ்வளவு உண்மை?

கொஞ்சம் உண்மை, நிறைய மிகை.

பெரு நாட்டின் கிழக்கே, உகயாலி ஆற்றை ஒட்டி வாழ்பவர்கள் ஷிபிபோ-கொனிபோ பழங்குடியினர். அவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய நகரம் புகல்பா. பெருவில் முதல் நோயாளி கண்டறியப்பட்டது 2020 மார்ச் 6-ஆம் தேதி. ஏப்ரல், மே மாதங்களுக்குள் புகல்பாவில் படுக்கைக்கும் தட்டுப்பாடு, ஆக்சிஜனுக்கும் தட்டுப்பாடு, சிலிண்டர் வைத்திருந்தவர் சொன்னதுதான் விலை. நாடு முழுக்கவே அந்த நிலைமைதான். அதுவரை 70 ஆயிரத்துக்குக் கீழே காட்டிக்கொண்டிருந்த சாவுக் கணக்கை 2021 மே கடைசியில் பெரு அரசே திருத்தி, 1,80,000-க்கும் மேல் என்று ஒப்புக்கொண்டது. மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் அன்றைக்கு உலகத்திலேயே மோசமான கணக்கு அதுதான்.

பழங்குடியினர் ஊர்களில் ஆஸ்பத்திரி என்பதே படகில் போக வேண்டிய விஷயம். போனாலும் இடமில்லை, போனவர்கள் உடலாகக்கூடத் திரும்பி வரவில்லை என்ற பயம் வேறு. அந்தச் சமயத்தில், 2020 மே மாதம், ஷிபிபோ தன்னார்வலர்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து 'கமாண்டோ மாத்திகோ' என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். அதில் முன்னால் நின்றவர்களில் மேரி ஃபசாபி என்ற ஆசிரியை ஒருவர். மாத்திகோ என்பது அவர்கள் சுவாசக் கோளாறுக்கு எப்போதும் எடுக்கும் ஓர் இலை. அதைக் காய்ச்சிக் குடிக்கக் கொடுத்தார்கள், பெரிய பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, போர்வையை மூடி ஆவி பிடிக்க வைத்தார்கள், சளிக்கு இஞ்சியும் வெங்காயமும் சேர்த்து ஒரு பாகு. இதெல்லாம் கொரோனாவுக்குக் கேட்குமா என்று ஆரம்பத்தில் தங்களுக்கே தெரியாது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

குணமானதா? கொரோனா வந்தவர்களில் பெரும்பாலோர் எந்த மருந்தும் இல்லாமலேயே பிழைத்தார்கள். அதனால் நூறு பேருக்குக் கஷாயம் கொடுத்து அதில் தொண்ணூற்றைந்து பேர் எழுந்து உட்கார்ந்தாலும், அது கஷாயத்தின் வேலையா உடம்பின் வேலையா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க, கஷாயம் குடிக்காத இன்னொரு நூறு பேர் வேண்டும். அந்த நெருக்கடியில் அப்படிக் கணக்கு வைத்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்?

ஆனால் அந்தக் குழு இலையை மட்டும் கொடுக்கவில்லை, இதைத்தான் வாட்ஸாப் தகவல் விட்டுவிடுகிறது. அவர்கள் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வீட்டில் மற்றவர்களும் படுத்துவிட்ட நிலையில் தண்ணீர் கொடுக்கவும், நெஞ்சையும் முதுகையும் தேய்த்துவிடவும், வேளைக்கு ஏதாவது சூடாக உள்ளே போகிறதா என்று பார்க்கவும் ஓர் ஆள் வந்தார், அதுவும் நோயாளியின் மொழியிலேயே பேசுகிற ஆள். ஆஸ்பத்திரி பாஷையில் இதற்குப் பெயர் நர்சிங். எந்த மருந்தும் கண்டுபிடிக்கப்படாத ஒரு நோயில், மூச்சு ரொம்ப மோசமாகாதவர்களுக்கு, உலகத்தின் பெரிய ஆஸ்பத்திரிகள்கூட முதல் சில மாதங்களில் இதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை.

கேள்வி: மாத்திகோ என்ன செடி? வாங்கிக் குடிக்கலாமா?

மிளகுக் குடும்பம். மிளகு, திப்பிலி, வெற்றிலை எல்லாம் இதற்குப் பங்காளிகள். தாவரவியல் பெயர் பைப்பர் அடுன்கம். கதிர் மட்டும் திப்பிலிக் கதிரை நீட்டிவிட்டது மாதிரி மெலிதாக, வளைந்து நிற்கும். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருந்துக் கடைகளிலும் ரத்தக்கசிவை நிறுத்த இந்த இலையை விற்றிருக்கிறார்கள். பப்புவா நியூ கினி போன்ற இடங்களில் இதுவே காட்டை மூடிவிடும் களை.

வாங்கிக் குடிக்கலாமா என்றால், வேண்டாம். ஷிபிபோ பெண் ஒருவர் இந்த இலையைக் கொடுக்கும்போது எந்தச் செடி, முற்றிய இலையா கொழுந்தா, எத்தனை நாள், கூட எதைச் சாப்பிடக் கூடாது, யாருக்குக் கொடுக்கவே கூடாது என்பதும் சேர்ந்து வருகிறது. அவர்களுடைய வைத்தியத்தில் பத்தியம் ரொம்பக் கறார், உப்பும் சர்க்கரையும்கூட விலக்க வேண்டியிருக்கும். இணையத்தில் வாங்கும் பொட்டலத்தில் இலை மட்டும்தான் வரும், மற்றதெல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

பொட்டல விஷயத்தில் ஒரு பாடம் ஏற்கெனவே இருக்கிறது. எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று 2020-ல் இந்தியாவில் ஏராளமானோர் சீந்தில் கொடியைத் தினமும் குடிக்க ஆரம்பித்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவில் மும்பையில் ஆறு பேருக்குக் கல்லீரல் வீங்கி ஆஸ்பத்திரிக்கு வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 2022-ல் பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து இதே மாதிரி 43 பேரைப் பற்றி எழுதின. அது சீந்திலே இல்லை, அதே ஜாடையில் இருக்கும் வேறொரு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. யார் சொன்னது சரியாக இருந்தாலும் குடிப்பவருக்கு ஆபத்து ஆபத்துதான்: ஒன்று, சரியான கொடியை வாரக்கணக்கில் அளவில்லாமல் குடித்திருக்கிறார்கள், இல்லையென்றால் தவறான கொடியைச் சரியென்று நம்பிக் குடித்திருக்கிறார்கள். கொடியைப் பார்த்த மாத்திரத்தில் இது அதுவல்ல என்று சொல்லக்கூடிய ஒரு பாட்டி பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டாவது வகைத் தப்பு நடந்திருக்காது.

கேள்வி: பழங்குடி வைத்தியர் என்றாலே ஆண்கள்தானே நினைவுக்கு வருகிறார்கள். நீங்கள் ஏன் பெண்கள், பெண்கள் என்று எழுதுகிறீர்கள்?

நினைவுக்கு வருபவர்கள் வேறு, வேலை பார்ப்பவர்கள் வேறு. ஷிபிபோ மக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியுலகத்துக்கு அவர்களைத் தெரிவதே அயவாஸ்கா என்ற மயக்கக் கஷாயத்தை வைத்து இரவில் சடங்கு நடத்தும் வைத்தியர்களால்தான். அந்தச் சடங்குக்காக வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள், அதைச் சுற்றி ஒரு சுற்றுலாத் தொழிலே இருக்கிறது. பெண் வைத்தியர்களும் அதில் உண்டு, ஆனால் போஸ்டரில் வரும் முகம் பெரும்பாலும் ஆணின் முகம். குழந்தைக்கு நடுராத்திரியில் நெஞ்சு கட்டிக்கொண்டால் என்ன இலை, பிள்ளை பெற்றவளுக்கு என்ன கஷாயம், பேதிக்கு எந்தப் பட்டை என்பதற்கெல்லாம் யாரும் விமானம் ஏறி வருவதில்லை. அந்த அறிவு அடுப்படியில், அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகிறது, அதைக் காகிதத்தில் எழுதி வைப்பதும் இல்லை.

இன்னொன்றையும் தாவரவியல்காரர்கள் கவனித்திருக்கிறார்கள். பல இடங்களில் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்த மருந்துச் செடிகள் அடர்காட்டுக்குள் இருப்பவை அல்ல. வீட்டுக்குப் பின்னால், வரப்பில், வெட்டி எரித்துப் பயிர் செய்து விட்டுவிட்ட நிலத்தில், நடைபாதை ஓரத்தில் வளர்பவை. வேட்டைக்குப் போகிறவருக்கு மரம் தெரியும், தோட்டத்துக்குப் போகிறவளுக்குக் களை தெரியும். மாத்திகோ அப்படிப்பட்ட செடிதான், மரத்தை வெட்டிய இடத்தில் முதலில் முளைத்து வரும். ஊரே முடங்கிக் கிடக்கும்போது, காட்டுக்குள் மூன்று நாள் நடந்து தேட வேண்டிய அபூர்வ வேரால் யாருக்கு என்ன லாபம்? கொல்லையில் கை நீட்டினால் கிடைக்கும் இலைதான் அன்றைக்கு உதவும். கொள்ளைநோய் காலத்தில் பெண்களின் அறிவு முன்னுக்கு வந்ததற்கு இதுவே பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது.

கேரளத்தில் கல்லாறு காட்டில் வாழும் லட்சுமிக்குட்டி அம்மாவைப் பற்றிப் படித்திருப்பீர்கள், காணிப் பழங்குடி, விஷக்கடி வைத்தியத்துக்குப் பேர் போனவர், 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருக்கு வைத்தியம் கற்றுக்கொடுத்தவர் மருத்துவச்சியாக இருந்த அவருடைய அம்மா. அம்மாவுக்கு எந்த விருதும் இல்லை.

கேள்வி: பரிசோதனையில் நிரூபிக்கப்படாத எதையும் மூடநம்பிக்கை என்றுதானே சொல்ல வேண்டும்? நீங்கள் மழுப்புகிறீர்கள்.

நிரூபிக்கப்படாதது வேறு, நிரூபிக்கப்பட்டும் நம்ப மறுப்பது வேறு. இரண்டாவதற்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

அதே பெருவில், அதே 2020 மே மாதத்தில், அந்த நாட்டுச் சுகாதார அமைச்சகம் கொரோனா சிகிச்சைப் பட்டியலில் ஐவர்மெக்டினைச் சேர்த்தது. புழுவுக்குக் கொடுக்கும் மாத்திரை. ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் வைரஸைத் தடுத்தது என்ற ஒரு தகவலைத் தவிர அன்றைக்குக் கையில் எதுவும் இல்லை. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தைக்கூட உகயாலி பக்கத்துப் பழங்குடி ஊர்களில் கொண்டுபோய்க் கொடுத்த கோஷ்டிகள் இருந்தன. பிறகு பிரேசிலில் பெரிய அளவில் முறையாகச் சோதித்து, 2022 மார்ச்சில் முடிவு வந்தது: நோயாளி ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலையை அது குறைக்கவில்லை. கையெழுத்துப் போட்ட அதிகாரிகளை யாரும் மூடநம்பிக்கைக்காரர்கள் என்று சொல்லவில்லை, அவசரத்தில் எடுத்த முடிவு என்றார்கள். நியாயம்தான். அதே நியாயத்தைப் பாத்திரம் வைத்து இலை காய்ச்சிய பெண்களுக்கும் கொடுத்தால் என்ன? இவர்களாவது மாட்டு ஊசி போடவில்லை.

அதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. மடகாஸ்கர் அதிபர் 2020 ஏப்ரலில் டி.வி.யில் ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார், ஆர்ட்டிமீசியா செடியிலிருந்து எடுத்த பானம், கொரோனாவைக் குணப்படுத்தும் என்றார், பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடக் கொடுத்தார்கள், பக்கத்து நாடுகள் வாங்கின. மடகாஸ்கரில் நோய் நிற்கவில்லை. ஆர்ட்டிமீசியா வகைச் செடி ஒன்றிலிருந்து சீன விஞ்ஞானி து யூயூ மலேரியாவுக்கு எடுத்த மருந்துக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது உண்மை. ஆனால் அவர் பழைய வைத்திய நூலில் குறிப்பைப் பிடித்து, சாற்றை எடுக்கும் விதத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, எலிக்குக் கொடுத்து, தானே குடித்துப் பார்த்து, அப்புறம்தான் நோயாளிக்குக் கொடுத்தார். மேடையில் பாட்டிலைத் தூக்கிக் காட்டியதற்கு யாரும் நோபல் கொடுக்கவில்லை.

மூலிகை மருந்துகளைக் கொரோனாவுக்கு முறைப்படி எப்படிச் சோதிப்பது என்று உலக சுகாதார நிறுவனமும் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் நோய்த் தடுப்பு மையமும் சேர்ந்து 2020 செப்டம்பரில் ஒரு வழிமுறையையே வெளியிட்டன. ஆகவே கதவு மூடியில்லை. சோதித்தால் சில இலைகள் தேறும், பல தேறாது. தேறாதவை காய்ச்சலைத் தணிக்க, தொண்டைக்கு இதமாக இருக்க, தூக்கம் வர உதவினாலும் உதவும். அதுவும் வேண்டியதுதான், "வைரஸைக் கொல்லும்" என்று லேபிள் ஒட்டாதவரை.

கேள்வி: நான் கிராமப்புறச் சுகாதார நிலையத்தில் செவிலியர். மலைவாழ் மக்கள் கஷாயம் குடித்துவிட்டு முற்றிய பிறகு வருகிறார்கள். "அதை விடுங்கள்" என்றால் அடுத்த முறை வருவதே இல்லை. எப்படிப் பேசுவது?

உங்கள் கேள்விதான் வந்ததிலேயே உருப்படியானது, உங்களைப் போலவே இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்ட ஒருவரைச் சொல்கிறேன். பிரேசிலின் மனாவ்ஸ் நகர ஓரத்தில் பல பழங்குடி இனத்தவர் சேர்ந்து வாழும் ஒரு குடியிருப்பு இருக்கிறது. 2020-ல் அங்கே வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தவர் வாண்டா ஒர்தேகா என்ற நர்சிங் உதவியாளர், விடோட்டோ இனப் பெண். அவர் தன் மக்களின் மருந்துகளை ஒதுக்கவில்லை. ஆனால் மூச்சு திணறியவர்களுக்கு ஆம்புலன்ஸ் வர வேண்டும் என்று குரல் கொடுத்ததும் அவர்தான். 2021 ஜனவரியில் அமேசோனாஸ் மாநிலத்தில் முதல் தடுப்பூசி போட்டுக்கொண்டவரும் அவரே. ஒரே பெண்ணிடம் இரண்டும் ஒத்துப்போயின. ஊரில் மற்றவர்கள் ஊசிக்குக் கை நீட்டினார்கள் என்றால், வெளியிலிருந்து வந்த அதிகாரி சொன்னதைவிட அவர் சட்டைக் கையை மடித்துக் காட்டியது அதிகம் வேலை செய்திருக்கும்.

நீங்கள் செய்யக்கூடியது: முதலில் என்ன குடித்தார்கள், எத்தனை நாளாக, எவ்வளவு என்று கேளுங்கள், திட்டுவதற்காகக் கேட்கிறீர்கள் என்று தோன்றாத குரலில். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் பூண்டு, இஞ்சியைக் கஷாயமாக அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தப்போக்குக்கு வாய்ப்பு உண்டு, அதிமதுரம் தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், சர்க்கரை மாத்திரையோடு கசப்பு மூலிகைகள் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். இவை உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும், அதனால்தான் கேட்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

அப்புறம், ஊரில் யாரிடம் முதலில் போகிறார்கள் என்று பார்த்து அந்தப் பாட்டியிடம் நேராகப் போய்ப் பேசுங்கள். "உங்கள் கஷாயத்தை நிறுத்துங்கள்" என்று வேண்டாம். "கஷாயம் கொடுங்கள், கூடவே இந்த விரல் மாட்டியை மாட்டிப் பாருங்கள், 94-க்குக் கீழே வந்தால் எனக்கு ஆள் அனுப்புங்கள்" என்று ஓர் ஆக்சிமீட்டரைக் கையில் கொடுத்துப் பாருங்கள். கொரோனாவில் ஆக்சிஜன் குறைந்தும் ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், எவ்வளவு அனுபவம் உள்ள வைத்தியச்சிக்கும் அது முகத்தைப் பார்த்துத் தெரியாது, டாக்டருக்கும்தான் தெரியாது. நாடி பிடித்துப் பழகிய கைக்கு அந்தக் கருவி புரிய ஐந்து நிமிடம் போதும். நோயாளி முதலில் போய் நிற்கும் வாசலிலேயே எச்சரிக்கை மணியைக் கட்டிவிடுகிறீர்கள், அவ்வளவுதான் வித்தை.

கேள்வி: பழங்குடியினர் ஊரை அடைத்துக்கொண்டு காட்டுக்குள் போனார்களாமே, அதுவும் பாரம்பரிய அறிவா?

ஆமாம், ஒருவகையில் எந்த இலையையும்விட நல்ல அறிவு. அம்மையும் ஃப்ளூவும் வெளியாட்களோடு வந்து ஊர்களையே துடைத்த நினைவு அவர்களிடம் தலைமுறைகளாக இருக்கிறது. அமேசானில் பல ஊர்கள் ஆற்றை மறித்து யாரையும் உள்ளே விடவில்லை, சில குடும்பங்கள் உள்காட்டுக் குடிசைகளுக்கே போய்விட்டன. அந்த நேரம் பார்த்து அரசாங்கங்கள் நிவாரணப் பணத்தை நகரத்து வங்கியில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னதுதான் கொடுமை, வரிசையில் நின்று பணத்தோடு நோயையும் வாங்கி வந்தார்கள். நகரத்தில் குடியேறியவர்களுக்கு ஒதுங்கவும் இடமில்லை. பெருவின் தலைநகரான லிமாவில் கந்தகாயோ என்ற ஷிபிபோ குடியிருப்பில் 2020 மே மாதம் பரிசோதித்தபோது பத்தில் ஏழு பேருக்கு நோய் இருந்தது, உடனே போலீசும் ராணுவமும் சுற்றி வளைத்து யாரையும் வெளியே விடாமல் அடைத்தார்கள். கைவினைப் பொருள் விற்றுப் பிழைத்த பெண்கள் அவர்கள்.

கேள்வி: இந்த அறிவை ஊருக்கெல்லாம் சொன்னால் மருந்துக் கம்பெனி காப்புரிமை வாங்கிக்கொண்டு போய்விடாதா?

போயிருக்கிறார்கள், அதனால் இந்தப் பயத்தைத் தப்பு சொல்ல முடியாது. பழைய கதை ஒன்று: மலேரியாவுக்கு உலகத்துக்குக் கிடைத்த முதல் நல்ல மருந்து கொயினா. ஆண்டிஸ் மலை மரப்பட்டையிலிருந்து வருவது. காய்ச்சல் நடுக்கத்துக்கு அந்தப் பட்டையைக் காட்டிக்கொடுத்தவர்கள் அங்கத்து மக்கள். 1742-ல் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் அந்த மரத்துக்குப் பெயர் வைத்தபோது யார் பெயரை வைத்தார் தெரியுமா? பெருவை ஆண்ட ஸ்பானிய வைஸ்ராயின் மனைவி, சின்சோன் சீமாட்டியின் பெயரை. அவர் அந்தப் பட்டையால் குணமானார் என்பதே கட்டுக்கதை என்று பிற்பாடு தெரிந்தது, ஆனாலும் மரம் இன்றைக்கும் சின்கோனாதான். பட்டையை முதலில் கொதிக்க வைத்த பெண் யாரோ, அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இப்போது சட்டங்கள் இருக்கின்றன. பெரு 2002-லேயே பழங்குடி மக்களின் கூட்டு அறிவைப் பாதுகாக்கத் தனிச் சட்டம், எண் 27811, கொண்டுவந்தது. அந்த அறிவை வைத்துச் செய்யும் பொருளை விற்று வரும் மொத்தத் தொகையில் குறைந்தது 10 சதவீதம் பழங்குடியினர் வளர்ச்சி நிதிக்குப் போக வேண்டும். அறிவைப் பதிவு செய்வதிலும் யார் வேண்டுமானாலும் பார்க்கும் பதிவேடு ஒன்று, ரகசியப் பதிவேடு ஒன்று, ஊர் மக்களே வைத்துக்கொள்ளும் பதிவேடு ஒன்று என்று மூன்று வகை. எதை வெளியே சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது என்பதை மக்களே முடிவு செய்யலாம் என்ற அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. 2024 மே மாதம் ஜெனீவாவில் உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தில் ஓர் ஒப்பந்தம் நிறைவேறியது: பாரம்பரிய அறிவை வைத்துக் காப்புரிமை கேட்டால், அது எந்த மக்களிடமிருந்து வந்தது என்று விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும்.

பங்கு கொடுத்த கதையும் உண்டு. 1987-ல் அகத்தியமலையில் விஞ்ஞானிகளுக்கு வழி காட்டப் போன காணி இளைஞர்கள் களைக்காமல் நடக்க ஒரு சின்னப் பழத்தை மென்றார்கள், அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து செய்த மருந்துக்கு 1995-ல் ஒரு கம்பெனி கொடுத்த உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், அதற்கு மேல் விற்பனையில் 2 சதவீதம். இதில் பாதி காணி மக்களுக்கு. உலகம் முழுக்க இதை உதாரணமாகக் காட்டுகிறார்கள். தொகையைப் பார்த்தால் பெருமைப்பட அவ்வளவு ஒன்றுமில்லை, ஆனால் கேட்டு வாங்கலாம் என்று காட்டிய வழக்கு அது.

சட்டம் எல்லாம் 'சமூகம்' என்று மொத்தமாகத்தான் பேசுகிறது. அந்தச் சமூகத்துக்குள் பணம் யார் கைக்குப் போகிறது, கூட்டத்தில் கையெழுத்துப் போடுவது யார், இலையை அடையாளம் காட்டிய பெண்ணுக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி இருக்கிறதா என்பதைச் சட்டம் கேட்பதில்லை.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. எங்கள் மக்களில் வயதானவர்கள் கொரோனாவில் நிறையப் பேர் போய்விட்டார்கள். மீதி இருக்கும் பாட்டிகளின் மருந்து அறிவைப் பதிவு செய்ய ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

உங்கள் இழப்பு பெரியது. பிரேசிலில் ஜூமா என்ற இனத்தின் கடைசி ஆண், அருகா ஜூமா, 2021 பிப்ரவரியில் கொரோனாவால் இறந்தார். அவருடைய மகள்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர் தலைமுறைக்கு மட்டும் தெரிந்த எத்தனையோ அவரோடு போய்விட்டது.

ஆரம்பிக்க வேண்டிய இடம் மொழி. 2021-ல் வந்த ஓர் ஆய்வு வட அமெரிக்கா, வடமேற்கு அமேசான், நியூ கினி ஆகிய மூன்று பகுதிகளில் 236 பழங்குடி மொழிகளில் பதிவான 12,495 மருந்துப் பயன்களை எடுத்துப் பார்த்தது. அதில் 75 சதவீதத்துக்கும் மேல் ஒரே ஒரு மொழிக்காரர்களுக்கு மட்டும் தெரிந்தவை. செடி அழிவதைவிட மொழி அழிவதுதான் இந்த அறிவுக்குப் பெரிய ஆபத்து என்கிறார்கள். அதனால் பாட்டி சொல்வதை அவர் சொன்ன பேச்சிலேயே ஒலிப்பதிவு செய்யுங்கள், மொழிபெயர்ப்பு அப்புறம் நிதானமாக நடக்கட்டும். செடியின் பெயரோடு நிற்காதீர்கள், எந்த மாதத்தில் பறிப்பார், எந்த வாசனை வந்ததும் அடுப்பை அணைப்பார், யாருக்குக் கொடுக்க மாட்டார் என்று கேளுங்கள். "கொடுக்க மாட்டேன்" என்பதில்தான் விஷயமே இருக்கும். இந்த மருந்து ஒரு தடவை கேட்கவில்லையே, அப்போது என்ன செய்தீர்கள் என்றும் கேளுங்கள். பாராட்டுக்காகப் பேசுகிறவரா, அனுபவத்திலிருந்து பேசுகிறவரா என்று அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

ஒலிப்பதிவு பாட்டிக்குச் சொந்தம், உங்கள் கல்லூரிக்கு அல்ல. எதை வெளியிடலாம் என்று அவரிடமே, அவருக்குப் புரிகிற மொழியில், ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேளுங்கள், இன்று சரி என்றவர் நாளை வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். செடி இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்து இணையத்தில் போடாதீர்கள், அடுத்த மாதம் லாரி வந்து நிற்கும். பேராசிரியர் அவசரப்படுத்தினால் என் பெயரைச் சொல்லித் திட்டு வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: கடைசியாக ஒன்று. ஆவி பிடிப்பது நல்லதா, இல்லையா?

மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும், வைரஸ் சாகாது. குழந்தைகளுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். 2020-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் ஆவி பிடிக்கப்போய்ச் சுட்டுக்கொண்டு வந்த பிள்ளைகள் வழக்கத்தைவிட 30 மடங்கு அதிகம். அதில் பெரும்பாலும் பாத்திரம் கவிழ்ந்த கதைதான். பெரியவர்கள் பிடிப்பதென்றால் பாத்திரத்தை மடியிலோ கட்டிலிலோ வைக்காமல் தரையில், அகலமான அடியுள்ளதாக, வைத்துக்கொள்ளுங்கள். போர்வைக்குள்ளே மூச்சு முட்டுகிறது என்றால் "இன்னும் கொஞ்சம்" என்று தம் பிடிக்காமல் உடனே எடுத்துவிடுங்கள், எடுத்த பிறகும் முட்டினால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.